கார் ரெடி... மெக்கானிக் 900 கிலோமீட்டர் தள்ளி!

பழைய ஃபெராரியையும் லோட்டஸையும் வாங்கி, ஷோரூம் காற்றே படாத ஊர்களில் வைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எதைப் பார்த்து வாங்க வேண்டும், ஆள் இல்லாத ஊரில் எப்படிக் காப்பாற்ற வேண்டும்? அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தை முன்வைத்து ஒரு பார்வை.

மயாமியிலோ லாஸ் ஏஞ்சல்ஸிலோ சூப்பர் கார்கள் வரிசைகட்டி நிற்கும் இடத்தில் நம்பர் பிளேட்டுகளைக் கவனித்தால் ஒரு வேடிக்கை தெரியும். பல கார்களில் 'மொன்டானா' என்று எழுதியிருக்கும். அந்த மாநிலத்தில் விற்பனை வரி கிடையாது. அங்கே பேருக்கு ஒரு கம்பெனியைத் தொடங்கி, காரை அதன் பெயரில் பதிவு செய்துவிட்டால் பல்லாயிரம் டாலர் வரி மிச்சம் என்பது பணக்காரர்களின் கணக்கு. இந்த வித்தையை மற்ற மாநிலங்கள் இப்போது முறைத்துப் பார்க்கத் தொடங்கியிருக்கின்றன. மொன்டானா மண்ணை மிதிக்காமலேயே மொன்டானா கார்களாக எத்தனையோ லம்போர்கினிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

நிஜமாகவே மொன்டானாவில் குடியிருந்து, நிஜமாகவே ஒரு பழைய ஃபெராரியை வைத்திருப்பவரின் கதை வேறு. தமிழ்நாட்டைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு பரப்புள்ள மாநிலம் அது. மக்கள்தொகையோ 11 லட்சத்தைச் சுற்றித்தான். அங்கே பெரிய நகரம் என்றால் பில்லிங்ஸ். அதிலேயே ஒன்றேகால் லட்சம் பேர்கூட இல்லை. பில்லிங்ஸிலிருந்து டென்வருக்குச் சாலை வழியாக ஏறக்குறைய 900 கிலோமீட்டர். மேற்குக் கோடியில் உள்ள மிசூலாவிலிருந்து சியாட்டலுக்கு 750 கிலோமீட்டருக்கு மேல். இத்தாலிய இன்ஜினைப் பிரித்துப் பழகிய கைகள் பெரும்பாலும் அப்படிப்பட்ட பெருநகரங்களில்தான் இருக்கின்றன.

ஆனால் ஓட்டுவதற்கு இதைவிட நல்ல ஊர் கிடையாது. ரெட் லாட்ஜ் என்ற சிற்றூரிலிருந்து குக் சிட்டிக்குப் போகும் பேர்டூத் நெடுஞ்சாலை 1936-ல் திறக்கப்பட்டது. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி 3,337 மீட்டர் உயரத்தைத் தொட்டுவிட்டு இறங்குகிற சாலை அது. 1995 டிசம்பர் முதல் 1999 வரை மொன்டானா நெடுஞ்சாலைகளில் பகல் நேரத்துக்கு எண்ணால் குறித்த வேக வரம்பே இருந்ததில்லை. சூழ்நிலைக்குத் தக்கபடி நிதானமாகப் போ என்பதுதான் அன்றைய சட்டம். ஓட்டச் சாலை உண்டு, ஊர்க்கூட்டம் இல்லை; கெட்டுப்போனால் பார்க்கத்தான் ஆள் இல்லை.

இப்படிப்பட்ட ஊரில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவருக்குத் தூரம்தான் பெரிய எதிரி என்று தோன்றும். தூரம் இரண்டாவது எதிரிதான். முதல் எதிரி, கார் ஓடாமல் நிற்பது. ஸ்பெஷலிஸ்டுக்குப் பக்கத்துத் தெருவிலேயே பத்து வருடம் மூடிவைத்த காரைவிட, ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒழுங்காக ஓட்டிப் பராமரித்த கார் எவ்வளவோ மேல். வாங்கும்போதும் சரி, வாங்கிய பிறகும் சரி, இதை மறந்தவர்களுக்குத்தான் கை சுடுகிறது.

விலை இறங்கும், பில் இறங்காது

ஃபெராரியின் எஃப்355 மாடல் 1994-ல் வந்தது. மூன்றரை லிட்டர் வி8 இன்ஜின், சிலிண்டருக்கு ஐந்து வால்வு, 8,500 ஆர்பிஎம் வரை சுழலும். அமெரிக்காவில் அன்றைக்கு அதன் விலை சுமார் 1,30,000 டாலர். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதே காரைப் பாதி விலைக்கும் குறைவாகவே வாங்க முடிந்தது. பிறகு கையால் கியர் போடும் பழைய ஃபெராரிகளுக்குக் கிராக்கி கூடி, விலை மறுபடி ஏறிவிட்டது.

விலை தரைமட்டத்தில் இருந்த நாள்களிலும் அதன் கிளட்ச்சுக்கோ எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கோ யாரும் பாதி விலை போடவில்லை. காரின் விலையைச் சந்தை தீர்மானிக்கிறது. உதிரி பாகத்தின் விலையோ, அந்தக் காரைப் புதிதாக வாங்கியவரின் பையைப் பார்த்துப் போட்டது. அது இறங்குவதே இல்லை.

கார் மூன்றாவது, நான்காவது கைக்கு வரும்போது இந்த இடைவெளி பல்லைக் காட்டும். முதல் ஓனருக்குப் பத்தாயிரம் டாலர் பில் ஒரு பொருட்டல்ல. இருக்கிற காசையெல்லாம் திரட்டிக் கனவு காரை வாங்கிய நான்காவது ஓனருக்கு அது இடி. 'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்' என்று சர்வீஸைத் தள்ளிப்போடுவார். அதற்கடுத்த வருடம் காரையே விற்றுவிடுவார். மலிவாக வரும் சூப்பர் காரோடு, முன்னால் வைத்திருந்தவர்கள் தள்ளிப்போட்ட செலவும் சேர்ந்தே வந்து இறங்கும்.

'பெல்ட் எப்ப மாத்தினீங்க?'

பழைய ஃபெராரி வாங்கப் போகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். இன்ஜினின் கிராங்க்‌ஷாஃப்ட் சுற்ற, அதோடு சேர்ந்து மேலே கேம்ஷாஃப்டுகளும் கணக்குப் பிசகாமல் சுற்ற வேண்டும். இரண்டையும் இணைப்பது பல் வைத்த ரப்பர் டைமிங் பெல்ட். அது அறுந்தாலோ பல் தாண்டினாலோ, திறந்து நிற்கும் வால்வின் தலையில் பிஸ்டன் வந்து மோதும். நொடிப்பொழுதில் இன்ஜின் காலி. பெல்ட்டுக்கு ஆயுள் கிலோமீட்டரில் மட்டும் இல்லை. மூன்றிலிருந்து ஐந்து வருடத்துக்குள் மாற்றிவிடுவது ஓனர்களின் வழக்கம். கார் ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயதாவது நிற்காது.

எந்த மாடலில் இந்த வேலை எவ்வளவு பெரியது என்பதில்தான் தூரத்து ஊர்க்காரரின் தலையெழுத்தே இருக்கிறது. 1975-ல் வந்த 308-லும், 1985-ல் வந்த 328-லும் இன்ஜின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கும். அதைக் காரில் வைத்துக்கொண்டே பெல்ட்டை மாற்றிவிடலாம். 1989-ல் வந்த 348-ல் இன்ஜினை நீளவாட்டில் திருப்பி வைத்தார்கள். பெல்ட் இருக்கும் முகம் சீட்டுக்குப் பின்னால் உள்ள தடுப்பை ஒட்டிப் போய்விட்டது, கை நுழையாது. பெல்ட்டுக்காக முழு இன்ஜினையும் இறக்க வேண்டும். அடுத்து வந்த எஃப்355-லும் அதே கதை. 12 சிலிண்டர் டெஸ்டரோசாவிலும் அதேதான். 1999-ல் வந்த 360 மொடெனாவில் சீட்டுக்குப் பின்னால் கழற்றக்கூடிய ஒரு மூடி வைத்தார்கள். இன்ஜின் இறங்க வேண்டியதில்லை. 2004-ல் வந்த எஃப்430-ல் ரப்பர் பெல்ட்டே போய், செயின் வந்துவிட்டது.

எஃப்355-ன் இன்ஜினை மேலே தூக்கி எடுப்பதில்லை. இன்ஜின், கியர்பாக்ஸ், பின் சஸ்பென்ஷன் மூன்றும் ஒரே சட்டத்தில் பொருந்தியிருக்கும். அந்தச் சட்டத்தை ஒரு லிஃப்ட் மேஜையில் தாங்க வைத்து, போல்ட்டுகளைக் கழற்றியபின், பாடியை மேலே தூக்க வேண்டும். இன்ஜின் கீழே நிற்க, கார் உயரே போகும். அதற்கு முன்னால் பேட்டரியைக் கழற்றி, கூலன்ட்டை வடித்து, பெட்ரோல் குழாய், கிளட்ச் குழாய், ஆக்ஸிலரேட்டர் கேபிள், கியர் ராடு, வயரிங் சாக்கெட் என்று வரிசையாகப் பிரிக்க வேண்டும். ஏசி வாயுவைக் காற்றில் திறந்துவிட அமெரிக்கச் சட்டம் இடம் தராது. ஆகவே முந்தின நாளே உள்ளூர் ஏசி கடைக்கு ஓட்டிப்போய் வாயுவை உறிஞ்சி எடுக்கச் சொல்ல வேண்டும். வீட்டு கராஜில் இந்த வேலையில் இறங்குகிறவர்கள் ஒவ்வொரு இணைப்பையும் பிரிக்கும் முன் போனில் படம் எடுக்கிறார்கள். மாஸ்கிங் டேப்பில் நம்பர் எழுதி ஒட்டுகிறார்கள். கழற்றிய போல்ட்டுகளைத் தனித்தனி ஜிப் கவரில் போட்டு, மேலே எந்த இடத்துப் போல்ட் என்று குறிக்கிறார்கள். சோம்பல்பட்டு ஒரு கவரை விட்டுவிட்டால், கடைசியில் கையில் மிஞ்சும் இரண்டு போல்ட் தூக்கத்தைக் கெடுக்கும்.

இன்ஜின் வெளியே வந்தபின்தான் செலவு சூடுபிடிக்கும். 'திறந்ததுதான் திறந்தோம், இதையும் மாத்திடலாம்' என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும். பெல்ட் டென்ஷனர் பேரிங், கேம் சீல், வாட்டர் பம்ப், பழைய ரப்பர் ஹோஸ்கள், கிளட்ச், எஃப்355-ல் வழக்கமாக விரிசல் விடும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு... ஸ்பெஷலிஸ்டிடம் இந்த முழு சர்வீஸ் பத்தாயிரம் டாலரைத் தொட்டால் ஆச்சரியப்படுவார் இல்லை. அதில் பெல்ட்டின் விலை சொற்பம். மற்றதெல்லாம் ஆள் கூலியும் கூடச் சேர்ந்த சாமான்களும்தான்.

தானே செய்கிறவர் இந்த இடத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். மறுபடி இன்ஜினை இறக்காமல் தொட முடியாதது எதுவோ, அதை மாற்ற வேண்டும். மேலேயிருந்தே கை எட்டும் சாமான் அடுத்த சம்பளம்வரை காத்திருக்கலாம். புது பெல்ட்டைப் போட்டதும் சாவியைத் திருப்பிவிடக் கூடாது. கிராங்க்கை ஸ்பேனரால் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்த்து, நான்கு கேம்ஷாஃப்டின் குறிகளும் திரும்ப அதே இடத்துக்கு வருகின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். எங்காவது இடித்தால், கை உடனே உணர்ந்துவிடும். ஸ்டார்ட்டர் மோட்டார் உணராது, உடைத்துவிடும்.

டொயோட்டா இன்ஜின், ஃபோர்டு இன்ஜின்

ஸ்பெஷலிஸ்ட் இல்லாத ஊரில் இருப்பவர், காரின் முகத்துக்கு முன்னால் இன்ஜின் எங்கே பிறந்தது என்று பார்ப்பது புத்திசாலித்தனம்.

அமெரிக்காவில் 2004 முதல் விற்ற லோட்டஸ் எலீஸின் உள்ளே இருப்பது டொயோட்டாவின் 1.8 லிட்டர் இன்ஜின். செலிகாவின் உயர்ரக மாடலில் வந்த அதே இன்ஜின். அதன்பின் வந்த எவோராவில் டொயோட்டாவின் மூன்றரை லிட்டர் வி6. கேம்ரியிலும் ஓடும் குடும்பம். ஆயில் ஃபில்டரும் சென்சாரும் வேண்டுமென்றால் இங்கிலாந்துக்கு எழுத வேண்டியதில்லை, ஊரில் உள்ள டொயோட்டா கடையிலேயே கிடைக்கும். பாடி பாகங்களுக்கு மட்டும்தான் காத்திருப்பு.

1990-ல் வந்த ஹோண்டா என்எஸ்எக்ஸ் இந்த வகையில் தனி ராஜா. முழு அலுமினியக் காரான அதை அமெரிக்காவில் அக்யூரா பெயரில் விற்றார்கள். மெக்லாரன் எஃப்1 காரை வடிவமைத்த கார்டன் மரே, சாலையில் ஒரு சூப்பர் கார் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு என்எஸ்எக்ஸைத்தான் அளவுகோலாக வைத்தார். சொந்தமாக ஒன்றை வைத்து ஓட்டவும் செய்தார். இதிலும் டைமிங் பெல்ட் உண்டு, ஆனால் இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. ஆரம்பகால மேனுவல் கார்கள் சிலவற்றில் கியர்பாக்ஸுக்குள் ஒரு ஸ்நாப் ரிங் உடையும் குறை இருந்தது. குறிப்பிட்ட வரிசை எண் கொண்ட கியர்பாக்ஸ்களில்தான் அது வரும் என்பதால், எண்ணைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். குறை இல்லாத கார் கிடையாது. குறை எங்கே என்று தெரிந்த கார்தான் தூரத்து ஊருக்கு ஏற்றது.

பழசில் ஆசை உள்ளவருக்கு டி டொமாசோ பான்டெரா. இத்தாலிய உடம்பு, அமெரிக்க ஃபோர்டின் 5.8 லிட்டர் வி8. 1971 முதல் 1974 வரை ஃபோர்டு குழுமத்தின் லிங்கன்-மெர்க்குரி டீலர்களே இதை விற்றார்கள். ஸ்டார்ட் ஆகாத கோபத்தில் எல்விஸ் பிரெஸ்லி துப்பாக்கியால் சுட்டது தன்னுடைய பான்டெராவைத்தான். துருவும், சூடேறும் கூலிங் சிஸ்டமும் அதன் பலவீனங்கள். இன்ஜினைப் பொறுத்தவரை, டிரக் ரிப்பேர் பார்க்கும் ஃபோர்டு மெக்கானிக்கே போதும்.

போர்ஷே 911 இந்தக் கூட்டத்தில் தினசரிக் கார் என்று பெயர் வாங்கியது. ஆனால் 1997-ல் அறிமுகமான 996 தலைமுறையிலும், அதன் தம்பியான முதல் பாக்ஸ்டரிலும் இன்ஜினுக்குள் இருக்கும் இடைத்தண்டின் பேரிங் சில கார்களில் சொல்லாமல் கொள்ளாமல் உடைந்தது. கூடவே இன்ஜினும் போனது. 2001 முதல் 2005 வரையிலான மாடல்களுக்காக அமெரிக்காவில் ஓனர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கு 2013-ல் சமரசத்தில் முடிந்தது. எல்லா காரிலும் இது வருவதில்லை. அந்த பேரிங்கை மாற்றக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். கிளட்ச் மாற்றும்போதும் கியர்பாக்ஸ் இறங்கத்தான் செய்கிறது. ஆகவே, 'கிளட்ச் போட்டப்போ பேரிங்கும் போட்டீங்களா, பில் இருக்கா?' என்ற ஒரே கேள்வியில் விற்கிறவர் எப்படிப்பட்டவர் என்பது தெரிந்துவிடும். அதே காலத்து 911 டர்போவிலும் ஜிடி3-யிலும் இருப்பது வேறு இன்ஜின். இந்தத் தலைவலி அதில் இல்லை.

தவிர்க்க வேண்டியதையும் சொல்லிவிடலாம். 1990-களின் பிற்பகுதியில் தொடங்கி, ஒற்றை கிளட்ச்சைக் கம்ப்யூட்டரும் ஹைட்ராலிக் பம்ப்பும் இயக்கும் பேடில் கியர் கார்கள் வந்தன. அவற்றில் கிளட்ச் மாற்றினால் புதிய கிளட்ச்சைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்; அதற்கு உரிய கருவியும் பழக்கமும் வேண்டும். 900 கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் கையால் போடும் கியரே வாங்குவது உத்தமம்.

பார்க்காமல் வாங்குவது எப்படி?

மொன்டானாக்காரருக்குப் பிடித்த கார் ஃபுளோரிடாவிலோ டெக்சாஸிலோ இருக்கும். போட்டோவில் எல்லா காரும் பளபளக்கும். நம்பக்கூடியது, விற்கும் ஊரில் உள்ள வேறொரு ஸ்பெஷலிஸ்டிடம் காசு கொடுத்துச் செய்யும் முன்பரிசோதனை. விற்கிறவரின் வழக்கமான மெக்கானிக் அதைச் செய்யக் கூடாது. இந்தச் சில நூறு டாலரை மிச்சம்பிடிக்கப் பார்ப்பவர்கள் நிறைய. யானை வாங்கத் துணிந்தவர் அங்குசத்துக்குப் பேரம் பேசக் கூடாது.

அந்தப் பரிசோதனையில் கேட்டு வாங்க வேண்டியவை உண்டு. ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷன் அளவு, காற்றைச் செலுத்தி எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் லீக்-டவுன் அளவு. காரை லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதியின் படங்கள். பெயின்ட் தடிமனை அளக்கும் கருவி சொல்லும் கணக்கு. ஒரு கதவில் மட்டும் தடிமன் கூடினால் அங்கே ஒரு விபத்து ஒளிந்திருக்கலாம். போர்ஷே என்றால் இன்ஜின் கம்ப்யூட்டரே வேவு சொல்லும். தவறான கியரில் போட்டு அளவுக்கு மீறி இன்ஜினைச் சுழற்றியிருந்தால் அது நினைவகத்தில் பதிந்திருக்கும். அந்த அறிக்கையைக் கேட்டதும் விற்கிறவர் முகம் மாறினால் வேறு கார் பார்க்கலாம். இன்ஜின் ஆறியிருக்கும் நேரத்தில் ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால், எதையோ மறைக்கிறார்கள்.

காகிதத்திலும் வேலை இருக்கிறது. 17 இலக்க அடிச்சட்ட எண்ணைக் கொடுத்தால், அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பின் தளம் அந்தக் காருக்கு முடிக்கப்படாத ரீகால் உண்டா என்று இலவசமாகச் சொல்லிவிடும். 2022-ல் பிரேக் ஆயில் டப்பாவின் மூடிக்காக 23,000-க்கும் மேற்பட்ட ஃபெராரிகள் அங்கே திரும்ப அழைக்கப்பட்டன. மூடி சரியாகக் காற்று விடாததால் பிரேக் ஆயில் கசிந்து, பிரேக்கே குறையக்கூடும் என்பதுதான் காரணம். ஒரு மூடியும், ஒரு சாஃப்ட்வேர் திருத்தமும்தான் தீர்வு. அதைக்கூடச் செய்யாமல் காரைக் கைமாற்றுகிறவர், செலவு பிடிக்கும் வேலைகளை என்ன செய்திருப்பார் என்று யோசித்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் மேல், பில் ஃபைல். பளபளப்பான காரும் மெலிந்த ஃபைலும் சேர்ந்து வந்தால் விட்டுவிட வேண்டும். கொஞ்சம் கீறல் விழுந்த கார், கூடவே தடித்த ஃபைல் என்றால் உட்கார்ந்து பேசலாம்.

நின்ற காருக்குத்தான் நோய் அதிகம்

'இருபது வருஷத்துல ஐயாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு' என்ற விளம்பர வரி சேகரிப்பாளரை மயக்கும். ஓட்ட வாங்குகிறவர் பயப்பட வேண்டிய வரி அது.

'ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்' நடிகர் பால் வாக்கர் 2013 நவம்பரில் கலிஃபோர்னியாவில் இறந்தது, நண்பர் ஓட்டிய 2005 மாடல் போர்ஷே கரேரா ஜிடி காரில். கட்டுமீறிய வேகம்தான் காரணம் என்றது விசாரணை. மணிக்கு 45 மைல் வரம்புள்ள சாலையில் 80-லிருந்து 93 மைல் வேகம். அதே விசாரணையில் கவனிக்கப்பட்ட இன்னொன்று, அந்தக் காரின் டயர்களுக்கு வயது ஒன்பது. பார்வைக்குப் பட்டை தேயாமல் புதிதாகவே இருக்கும். ரப்பர் இறுகி, பிடிமானம் போயிருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. 2319 என்றிருந்தால் 2019-ன் 23-வது வாரத்தில் தயாரானது. காரைப் பார்க்கும்போது முதலில் குனிந்து படிக்க வேண்டிய எண் அதுதான்.

மொன்டானாவின் குளிர்காலம் இந்தப் பிரச்னையைக் கட்டாயப் பாடமாக்குகிறது. பேர்டூத் சாலை பனியால் அக்டோபர் நடுவில் மூடி, மே கடைசியில்தான் திறக்கும். சாலைகளில் பனி வழுக்காமல் இருக்கத் தூவுகிற ரசாயனமும் சரளையும் பெயின்டுக்கும் அடிப்பகுதிக்கும் எமன். ஆகவே ஐந்தாறு மாதம் கார் கராஜில்தான். நிறுத்தும் முன் ஆயிலை மாற்றிவிட வேண்டும். ஓடி முடித்த ஆயிலில் சேர்ந்திருக்கும் அமிலமும் ஈரமும் குளிர்காலம் முழுக்க பேரிங்குகளை ஊறவைக்கக் கூடாது. டேங்க் நிறையப் பெட்ரோல், அதில் கெட்டுப்போகாமலிருக்கும் மருந்து. பேட்டரியில் எப்போதும் ஒரு சின்ன சார்ஜர். எக்ஸாஸ்ட் குழாயின் வாயில் ஸ்டீல் நார் அடைப்பு, எலி உள்ளே கூடு கட்டாமலிருக்க. வயரிங் கடித்துவிட்டால் மின்கோளாறைத் தேடியே கோடைக்காலம் போய்விடும்.

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவது நல்லது என்று நம்புகிறவர்கள் அங்கேயும் உண்டு. அது கெடுதல். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் நிறுத்தினால், எரிந்ததில் உண்டான நீராவி ஆயிலிலும் எக்ஸாஸ்டிலும் தங்கிவிடும். ஓட்டினால் முக்கால் மணி நேரம் ஓட்ட வேண்டும். இல்லையென்றால் தொடவே கூடாது.

பெட்ரோல் போடுவதிலும் உள்ளூர்ச் சூட்சுமம் ஒன்று உண்டு. மலை மாநிலங்களின் பங்க்குகளில் 'ரெகுலர்' என்று எழுதியிருப்பது 85 ஆக்டேன். காற்று மெலிந்த உயரத்தில் பழைய கார்ப்யூரேட்டர் இன்ஜின்களுக்கு அது போதுமானதாக இருந்த காலத்துப் பழக்கம் அது. ஃபெராரிக்கும் போர்ஷேவுக்கும் 91-ஐத்தான் தேடிப் போக வேண்டும். சிற்றூர்ப் பங்க்கில் அது தீர்ந்திருந்தால், காலை மெதுவாக வைத்து அடுத்த ஊர் போய்ச் சேர வேண்டியதுதான்.

யாரிடம் எந்த வேலை?

தூரத்தை வெல்கிறவர்கள் வேலையை மூன்றாகப் பிரிக்கிறார்கள். ஆயில், பிரேக் பேட், இரண்டு வருடத்துக்கொருமுறை பிரேக் ஆயில், பேட்டரி, ஃபில்டர், சென்சார் ஆகியவை வீட்டு வேலை. இதற்கு வொர்க்‌ஷாப் மேனுவல், நல்ல டார்க் ரெஞ்ச், தாழ்வான காருக்கு ஏற்ற ஜாக்கி, ஸ்டாண்டுகள், குறைகளைப் படிக்கும் ஸ்கேனர் இருந்தால் போதும். ஸ்டாண்டு இல்லாமல் ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் நுழையவே கூடாது.

அடுத்தது ஊர் வேலை. ரேடியேட்டர் சரிசெய்வது, எக்ஸாஸ்ட் விரிசலை வெல்டிங் வைப்பது, ஏசி, வீல் அலைன்மென்ட், ஸ்டார்ட்டர் மோட்டாரையும் ஆல்டர்னேட்டரையும் பிரித்துச் சரிசெய்வது இதில் அடங்கும். டிராக்டரும் அறுவடை இயந்திரமும் ரிப்பேர் பார்க்கும் ஊரில் இந்தக் கைவேலைக்குப் பஞ்சமில்லை. உலோகத்துக்கு அது ஃபெராரியா டிராக்டரா என்று தெரியாது. எந்த அளவில் முறுக்க வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று ஓனர் தெரிந்துவைத்துச் சொன்னால் போதும்.

மூன்றாவது, ஸ்பெஷலிஸ்ட் வேலை. பெல்ட், கிளட்ச், இன்ஜின் உள்வேலை. இதை அவசரத்துக்கு விடாமல், மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை கோடைக்கு முன் தேதி வாங்கி, மூடிய டிரெய்லரில் அனுப்பி, சேர்த்துவைத்த வேலைகளையெல்லாம் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். நடுவழியில் நின்று இழுத்துப்போகிற செலவையும் திட்டமிட்டு அனுப்புகிற செலவையும் ஒப்பிட்டால், எது மலிவு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஸ்பெஷலிஸ்டோடு போன் உறவு வைத்திருப்பது இன்னும் முக்கியம். சத்தத்தைப் பதிவுசெய்து அனுப்பினால், 'அதை ஓட்டுங்க, ஒண்ணும் ஆகாது' என்றோ 'அங்கேயே நிறுத்துங்க' என்றோ ஒரே வரியில் சொல்லிவிடுவார். அவரிடமே உதிரி பாகங்களையும் வாங்கி அந்த உறவைக் காப்பாற்றுகிறவர்கள் விவரமானவர்கள்.

அப்படிப்பட்ட ஒரு போன் எவ்வளவு மிச்சப்படுத்தும் என்பதற்கு உதாரணம், எஃப்355 டாஷ்போர்டில் எரியும் 'ஸ்லோ டவுன்' விளக்கு. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது, வேகத்தைக் குறை என்பது அதன் பொருள். நிஜமாகவே சூடானால் நெருப்பு வரைக்கும் போகலாம், அலட்சியம் கூடாது. ஆனால் பல நேரம் சூட்டை அளக்கும் சின்ன மின்னணுப் பெட்டி பழுதாகித்தான் பொய்யாக விளக்கைப் போடுகிறது. இடது, வலது பெட்டிகளை மாற்றிப் பொருத்தும்போது விளக்கும் பக்கம் மாறினால், குற்றவாளி பெட்டிதான். இந்த ஒரு வித்தை தெரியாமல் காரை டிரெய்லரில் ஏற்றி 900 கிலோமீட்டர் அனுப்பினால், அனுப்பும் செலவு பெட்டியின் விலையைத் தாண்டிவிடும்.

உதிரி பாகத்திலும் விவரம் உண்டு. சின்னக் கம்பெனிகள் எல்லாவற்றையும் தாமே செய்வதில்லை. பின்னாள் லோட்டஸ் எஸ்ப்ரிட்டின் பின்விளக்கு டொயோட்டா கொரோலாவுடையது. 1999-க்குப் பிந்தைய லம்போர்கினி டியாப்லோவின் முன்விளக்கு நிஸான் 300இசட்எக்ஸ் உடையது. மணிக்கு 200 மைலைத் தாண்டிய ஜாகுவார் எக்ஸ்ஜே220-ன் பின்விளக்கு சாதாரண ரோவர் காரிலிருந்து வந்தது. ரிலே, இன்ஜெக்டர், சென்சார் பலவும் பாஷ் கம்பெனி பல கார்களுக்குச் செய்துகொடுத்தவை. பாகத்தின் மீது அச்சிட்டிருக்கும் மூல எண்ணைப் படித்துத் தேடினால், குதிரைச் சின்னம் போட்ட டப்பாவுக்கான கூடுதல் காசு மிச்சம்.

சச்சினின் ஃபெராரி

நம் நாட்டில் மிகப் பிரபலமான பழைய ஃபெராரி, சச்சின் டெண்டுல்கருடைய 360 மொடெனா. டெஸ்ட்டில் 29 சதம் அடித்து பிராட்மேனைத் தொட்டதற்காக 2002-ல் மைக்கேல் ஷூமாக்கர் கையால் வழங்கப்பட்டது. சுங்க வரி 1.13 கோடி ரூபாய்க்கு மத்திய அரசு விலக்கு அளித்ததும் எதிர்ப்பு கிளம்பி, கடைசியில் வரியைக் காரைப் பரிசளித்த ஃபியட் நிறுவனமே ஏற்றது. 2011-ல் அந்தக் கார் சூரத் தொழிலதிபர் ஒருவரின் கைக்குப் போனது.

அமெரிக்காவில் நடப்பதுபோல் எங்கிருந்தோ ஒரு பழைய எஃப்355-ஐ வாங்கி இங்கே கொண்டுவர முடியாது. தயாராகி மூன்று ஆண்டுக்கு மேலான பழைய கார்களைச் சாதாரணமாக இறக்குமதி செய்ய விதிகள் இடம் தருவதில்லை. ஸ்டீயரிங்கும் வலப்பக்கம் இருக்க வேண்டும். ஆகவே இந்தியாவில் பழைய சூப்பர் கார் சந்தை என்பது, ஏற்கெனவே வரி கட்டி உள்ளே வந்த கார்கள் கைமாறுவதுதான். பில் ஃபைலும் டயர் தேதியும் பெல்ட் கேள்வியும் இங்கேயும் அப்படியே பொருந்தும்.

வாங்கலாமா, வேண்டாமா?

கையில் இருக்கும் மொத்தப் பணமும் காருக்கே சரியாகப் போய்விடும் என்றால், அந்தக் காரை வாங்கக் கூடாது. அந்தப் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை முதல் வருடச் செலவுக்கென்று ஒதுக்கிவிட்டு, மீதியில் என்ன வாங்க முடியுமோ அதுதான் உங்களுக்கான கார். முதல் வருடத்தில் காரின் பழைய கடன்களெல்லாம் வெளியே வரும். அதைத் தாண்டிவிட்டால் செலவு ஒரு ஒழுங்குக்கு வந்துவிடும்.

பணத்தைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. கிரீஸ் படிந்த கையோடு ஞாயிற்றுக்கிழமை மதியம் கராஜில் உட்கார்ந்திருப்பது உங்களுக்குத் தண்டனையா, பொழுதுபோக்கா? தண்டனை என்றால் பெருநகரத்தில் இருங்கள், அல்லது வாரன்டி உள்ள புது கார் வாங்குங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. பொழுதுபோக்கு என்றால் தூரம் உங்களைத் தடுக்காது. பெல்ட் தேதியைக் காலண்டரில் குறித்துவைத்துவிட்டு, பனி இல்லாத மாதங்களில் வாரம் தவறாமல் ஓட்டுங்கள்.